டிரங்க் காலைத் துண்டித்த மதியம்

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டி இருந்த தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் டெலிபோன் போர்டு வைத்தார்கள். அதில் உட்கார ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்து வேலையை விட்டிருந்த வருஷம் அது. தோல் ஷாப்புக்கா பெண் பிள்ளையை அனுப்புகிறாய் என்று தெருவில் அம்மாவைக் கேட்டார்கள். நான் போனேன்.

போர்டு என்பது என் நெஞ்சுயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. முகப்பில் வரிசையாகச் சின்னத் தகர மூடிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு துளை. வெளியிலிருந்து வருகிற லைன் இரண்டு. மற்றதெல்லாம் உள்ளுக்குள்: முதலாளியின் அறை, மேனேஜர், கோடவுன், சுண்ணாம்புத் தொட்டிகள் இருக்கும் பின்பக்க யார்டு. யாராவது போனின் கைப்பிடியைச் சுற்றினால் அவர்களுடைய மூடி டக்கென்று விழும். கயிற்றின் ஒரு முனையை அந்தத் துளையில் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, மறுமுனையை அங்கே செருக வேண்டும். கயிற்றுக்குச் சாவி என்று ஒரு சின்ன விசை உண்டு. அதை இழுத்தால் பேசுகிற இருவரின் நடுவே நானும் பேசலாம். அது அவசரத்துக்கு மட்டும் என்று போர்டைப் பொருத்திய மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனார்.

யார்டுக்கு நான் போனதே இல்லை. அந்த நாற்றம் ஜன்னல் வழியாக வரும், அவ்வளவுதான். ஆட்களைக் குரலாகத்தான் தெரியும். யார்டு போனை எப்போதும் ஒரே ஆள்தான் எடுப்பார். போனில் கத்தினால்தான் கேட்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. "யாரும்மா? இன்னா வேணும்?" என்று அவர் கேட்டால் காதிலிருந்து ஹெட்போனைத் தள்ளிப் பிடித்துக்கொள்வேன். ஆலங்காயத்துக்காரர் என்று யார்டு மேஸ்திரி சொல்லியிருந்தார்.

மழை விட்டு நாலைந்து நாள் ஆகியிருந்தது. வெளி லைன் இரண்டில் ஒன்று செத்துக் கிடந்தது. எக்ஸ்சேஞ்சில் புகார் சொல்லியும் ஆள் வரவில்லை. காலையில் முதலாளி மெட்ராஸுக்கு ஒரு டிரங்க் கால் பதிவு செய்யச் சொன்னார். வெளிநாட்டுக்குத் தோல் அனுப்புகிற ஏஜெண்டிடம் பேச வேண்டுமாம். "வேற யாருக்கும் அந்த லைனைக் குடுக்காதே" என்றார். சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் கால் கிடைத்தது. அவர் அறைக்குக் கயிற்றைச் செருகிவிட்டு நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

யார்டு மூடி விழுந்தது.

பேசியது வழக்கமான குரல் இல்லை, மேஸ்திரி. "அம்மா, கழிவுத் தொட்டில எறங்கினவன் மயங்கி விழுந்துட்டான். அவனைத் தூக்கப் போன ஆலங்காயத்தானும் உள்ளயே விழுந்துட்டான். மூக்கு வைக்க முடியல, காத்து அப்படிக் கீது. ஆஸ்பத்திரிக்குச் சொல்லு, சீக்கிரம்!"

முதலாளியின் கார் வாலாஜாபேட்டைக்குப் போயிருந்தது. லாரி ரயில் நிலையத்தில். வாசலில் மாட்டு வண்டிகள்தான் நின்றன. ஆஸ்பத்திரி வேன் வந்தால்தான் உண்டு. அதற்கு லைன் வேண்டும். இருந்த ஒரே லைனில் முதலாளி பேசிக்கொண்டிருந்தார்.

சாவியை இழுத்தேன். "சார், யார்டுல ஆக்சிடெண்ட். ரெண்டு பேர் தொட்டிக்குள்ள விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு லைன் வேணும் சார்."

"இரு. முடிச்சிட்டுத் தர்றேன்."

சாவியை விட்டேன். யார்டு மூடி மறுபடி விழுந்தது. "சொல்லிட்டியா?" என்றார் மேஸ்திரி. பின்னால் ஒரே கூச்சல். "சொல்றேன்" என்றேன். மறுபடி சாவியை இழுத்தேன்.

"சார், ஆளுங்க சாவக் கெடக்கறாங்க சார்."

"மேனேஜர்கிட்ட சொல்லு!" என்றார். எதிர்முனையில் ஏஜெண்ட் இங்கிலீஷில் என்ன சத்தம் என்று கேட்டது என் காதில் விழுந்தது. முதலாளி சிரித்துக்கொண்டே, ஒன்றுமில்லை, ஆபரேட்டர் என்றார்.

மேனேஜர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். அது முதலாளிக்கும் தெரியும்.

வேலை போனால் வீட்டில் என்ன ஆகும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் கயிற்றைப் பிடுங்கினேன்.

எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண்ணை நான் பார்த்ததில்லை. தினமும் பேசுவோம். "என்னம்மா, மெட்ராஸ் கட் ஆய்டுச்சே?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆஸ்பத்திரியைக் கொடுத்தாள். டாக்டரிடம் நான் பேசி முடிக்கும்வரை லைனிலேயே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உங்க முதலாளி கேட்டா எக்ஸ்சேஞ்சுல கட் பண்ணிட்டாங்கன்னு சொல்லிடு. நானும் அப்படியே சொல்றேன்."

அதற்குள் முதலாளி அறையைவிட்டு வந்து என் எதிரில் நின்றார். "யார் கட் பண்ணது?"

அவள் சொல்லிக்கொடுத்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. "நான்தான் சார்" என்று வந்துவிட்டது.

அவர் திட்டவில்லை. பிடுங்கிய கயிறு மேஜையில் கிடப்பதைப் பார்த்தார். பிறகு யார்டு பக்கம் நடந்தார்.

வேன் வந்தது. முதலில் இறங்கினவர் பிழைத்தார். தூக்கப் போன ஆலங்காயத்துக்காரர் வழியிலேயே போய்ட்டார் என்று மேஸ்திரி வந்து சொன்னார். முதல் தடவை சாவியை இழுத்தபோதே கயிற்றைப் பிடுங்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "அதெல்லாம் யாருக்கும்மா தெரியும்" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, உண்மையிலேயே தெரியவில்லையா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை. அடுத்த மாதம் மெக்கானிக் வந்து, செத்துக் கிடந்த வெளி லைனைச் சரிசெய்து, போர்டைத் தொடாமல் முதலாளியின் அறைக்கு நேராக இழுத்துவிட்டுப் போனார். அந்தக் கம்பி என் தலைக்கு மேலே சுவரோரமாகப் போயிற்று. அதன் பிறகு முதலாளி என்னிடம் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. யார்டுக்கும் அப்படி ஒன்று கொடுக்கலாமே என்று மேனேஜரிடம் கேட்டேன். "உனக்கு ஏம்மா இந்த பேஜார்?" என்றார். இன்னொரு நாளும் கேட்டேன். அப்போது அவர் லெட்ஜரைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

பிழைத்தவரை கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டார்கள். படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும். ஒருநாள் நான் உள்ளே நுழையும்போது எழுந்து நின்றார். "நீதானாம்மா போன் பண்ணது?" என்றார். ஆமாம் என்றேன். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"என்னைத் தூக்க வந்தவன் பொண்டாட்டி இங்கதான் தோல் காயப் போடற வேலைக்கு வர்றா. தெனம் இந்த கேட்டுலதான் நுழையறா. என் மூஞ்சைப் பாக்கவே மாட்டா. நான் எங்க பாக்கறது, சொல்லு" என்றார்.

உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். யார்டில் அப்போது புது ஆள் போன் எடுக்க ஆரம்பித்திருந்தார். அவர் மெதுவாகப் பேசுவார். பாதி எனக்குக் கேட்காது.

கழிவுத் தொட்டியில் ஆள் இறங்குவது மட்டும் நிற்கவில்லை. இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள், அதுதான் வித்தியாசம். இறக்குகிற நாளில் முன்னாடியே எனக்குச் சொல்லுங்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டேன். அவர் ஒவ்வொரு தடவையும் சொன்னார். உடனே போர்டில் மிச்சமிருந்த வெளி லைனை எடுத்து எக்ஸ்சேஞ்சுப் பெண்ணிடம், "இன்னைக்கு இறங்கறாங்க" என்பேன். "சரி, நான் இருக்கேன்" என்பாள். கோடவுன் கேட்டாலும் மேனேஜர் கேட்டாலும், "லைன் பிஸி சார்" என்று சொல்லிவிடுவேன். அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருப்போம். அவளுக்குப் பின்னால் வேறு ஆபரேட்டர்கள் நம்பர் கேட்கிற சத்தம் லேசாக வந்துகொண்டிருக்கும்.

யார்டு மூடி விழும். "ஏறிட்டாங்கம்மா" என்பார் மேஸ்திரி. அதை அவளிடம் சொல்லிவிட்டு லைனை விடுவேன்.