பொயாக்குக்கு ஐந்து வருடம் பிந்தி

வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பது. பொர்தோ நகரிலிருந்து புறப்பட்ட சிறிய ரயில் வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. பொயாக் வரை ஐம்பது கிலோமீற்றர். ஒன்றேகால் மணி நேரம். முதலில் அடுக்குமாடிகளும் கார் விற்கும் கடைகளும் வந்தன. பிறகு இரண்டு பக்கமும் திராட்சைதான். இடுப்பளவுச் செடிகள், சீப்பால் வாரிவிட்டதுபோல் வரிசை வரிசையாக நின்றன. எதிரே இருந்த முதியவர் என் பையில் இருந்த மேப்பிள் இலையைப் பார்த்துவிட்டு, "வைன் குடிக்க வந்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, தம்பியைப் பார்க்க," என்றேன். அவர் சந்தோசமாகத் தலையாட்டினார்.

என் தம்பி யூட், மன்னாரிலிருந்து கனடாவுக்கு வர வெளிக்கிட்டுப் பிரான்சோடு நின்றுவிட்டவன். பொயாக்கில் தோட்டக் கூலி. குடித்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுப்பான், அழுவான். ரொறன்ரோவில் முதியோர் இல்ல வேலை முடிந்து களைத்து வந்த ஒரு நாள், "குடிச்சிருந்தால் எனக்கு எடுக்காதை," என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். பிறகு அவன் எடுக்கவேயில்லை. பத்து மாதம் கழித்துப் பாரிஸ் உறவினர் ஒருவர் எடுத்தார். "குடிவெறியில தோட்டத்துக்குள்ள விழுந்து செத்துப்போனான்."

அது கொரோனாக் காலம், போக முடியவில்லை. எல்லைகள் திறந்த பிறகும் நான் போகவில்லை. கோபமும் வெட்கமும் விடவில்லை. இந்த யூலையில், அவனோடு வேலை செய்த அன்ரன் என் இலக்கத்தைத் தேடிப் பிடித்து எடுத்தார். நகரசபை இலவசமாகக் கொடுத்த குழிக்கு ஐந்து வருடம்தான் தவணை. ஆட்கள் யாரும் வராவிட்டால் எலும்பைக் கிளறி எடுத்துவிடுவார்கள் என்றார்.

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு நிலையத்தில் அன்ரன் நின்றார். நாற்பது வயது மதிக்கலாம். நகங்களில் ஊதாக் கறை. ஆற்றங்கரை வழியாக நடந்தோம். ஜிரோந்த் என்பது ஆறா கடலா என்று சொல்ல முடியாத அகலம். பால் குறைந்த தேநீரின் நிறம். துறைமுகத்தில் பாய்மரப் படகுகள். கரை முழுவதும் சாப்பாட்டுக் கடைகள். ஒவ்வொரு மேசையிலும் போத்தல். உல்லாசப் பயணிகள் கிண்ணத்தைச் சுழற்றி முகர்ந்துகொண்டிருந்தார்கள். இந்த ஊரில் அவன் எப்படிக் குடிக்காமல் இருந்திருப்பான் என்று நினைத்தேன்.

மயானத்தின் கடைசி மூலையில், சரளைக்கல்லில் ஒரு மரச்சிலுவை. பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

"அண்டைக்கும் நல்ல வெறியோ?" என்று கேட்டேன்.

அன்ரன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆர் சொன்னது? யூட் அண்ணை குடியை விட்டுப் பத்து மாசம் அக்கா."

"அப்ப என்ன நடந்தது?" என்றேன்.

"அண்ணை கூடை சுமக்கிறவர். வெட்டுற பழத்தை முதுகில கொண்டுபோய் வண்டியில கொட்டோணும். சாறு முதுகால வழியும். வெயிலுக்குப் புளிச்சு வைன் மாதிரியே மணக்கும். அண்டைக்கு மத்தியானம் தலை சுத்துது எண்டு வரிசைக்குள்ள இருந்திட்டார். மேற்பார்வைக்காரன் கிட்டப் போய் மணந்து பாத்திட்டு, வெறி, படுக்க விடுங்கோ எண்டான். நாங்களும் விட்டிட்டம். ஒரு மணித்தியாலம் கழிச்சுத் தொட்டுப் பாத்தால் உடம்பு நெருப்பு. ஆஸ்பத்திரிக்குப் போக முன்னம் முடிஞ்சுது. வெயில் வெக்கைதான் காரணம் எண்டு டொக்டர் சொன்னவர்."

"குடியை விட்டவன் ஏன் எனக்கு எடுக்கேல்ல?"

"ஒரு வருசம் முழுசா முடியட்டும், பிறகு அக்காவுக்கு எடுக்கிறன் எண்டு சொல்லுவார். ரண்டு மாசம்தான் மிச்சம்."

சரளைக்கல்லில் முழந்தாளிட்டேன். செபம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சுவருக்கு அப்பால் பழம் வெட்டும் ஆட்களின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

பிற்பகல் இரண்டு மணிக்கு நகரசபைக்குப் போனோம். அலுவலகப் பெண் கோப்பைத் திறந்து, "இவருக்கு உறவினர் இல்லை என்றுதான் இதில் இருக்கிறது," என்றாள். அன்ரன் மொழிபெயர்த்தார். நான் கடவுச்சீட்டை நீட்டினேன். அவள் அந்த வரியை வெட்டிவிட்டு என் பெயரை எழுதினாள். குழியை முப்பது வருடத்துக்குப் பதிந்தேன். பெயரையும் திருத்தச் சொன்னேன்.

நாலு மணி ரயிலுக்கு நின்றபோது அன்ரனிடமிருந்து மணம் வந்தது. அது பழச்சாறல்ல, நான் ஆற்றங்கரைக் கழிப்பறைக்குப் போன நேரத்தில் போட்டிருக்கிறார். அவரும் அதை உணர்ந்து ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"நாளைக்கும் வேலையோ?"

"ஓம் அக்கா. அதே தோட்டம்தான்."

"ஞாயிறில எனக்கு எடும்."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"ஒண்டும் கதைக்க வேண்டாம். சும்மா எடும்."

ரயில் நகர்ந்தது. அவர் கை காட்டவில்லை.

இங்கே ரொறன்ரோவில், நான் இருக்கும் வெக்ஸ்போர்ட் பகுதியில், லோரன்ஸ் வீதி மதுக்கடையின் மேல்தட்டில் பொயாக் என்று அச்சிட்ட போத்தல்கள் பூட்டிய கண்ணாடிக்குள் இருக்கின்றன. பல வருடம் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன்; உள்ளே போய்ப் பார்த்தது இப்போதுதான்.

இரண்டு ஞாயிறு அன்ரன் எடுக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு காலை எட்டு மணிக்கு, அங்கே பிற்பகல் இரண்டு, நானே எடுத்தேன். மணி நெடுநேரம் அடித்தது. எடுத்தபோது அவருக்கு நாக்குக் குழறியது.

"அக்கா, நான் இப்ப சரியில்லை. பிறகு எடுக்கட்டோ?"

"வேண்டாம்," என்றேன். "இப்பவே கதையும்."