சும்மா நிற்கச் சொன்ன தாள்கள்

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு இசைக்குறிப்பு ஜெராக்ஸ் கட்டு தலையில் விழுந்தது. கிளாரினெட் மூட்டுகளில் தடவும் கிரீஸ் வாசனை ஓரங்களில் இன்னும் இருக்கிறது. உடனே ஏகாம்பரம் ஞாபகத்துக்கு வந்தார், கூடவே பழைய எரிச்சலும்.

அப்போது எனக்குக் கல்பாக்கத்தில் வேலை. பள்ளியில் கற்ற மேற்கத்திய இசைக்குறிப்பு கொஞ்சம் தெரியும். கொஞ்சம் தெரிந்தவனிடம் அகப்பட்டவர்கள் பாவம். ஏகாம்பரம் செங்கல்பட்டில் கல்யாண ஊர்வலங்களுக்கு வாசிக்கும் பேண்டு செட்டில் கிளாரினெட் கலைஞர். தனிக் கிளாரினெட்டுக்கான ஒரு ஐரோப்பிய உருப்படியைச் செல்போனில் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்திருந்தார். முன்பல் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. பிடுங்கியே ஆக வேண்டும் என்றுவிட்டார் டாக்டர். முன்பல் போனால் கிளாரினெட்டும் போச்சு.

"இத்தினி வருசமா கும்பலோட ஊதிகினு கீறேன் சார். ஒரே ஒரு தபா என் சத்தம் மட்டும் கேக்கணும்" என்றார்.

மாமல்லபுரத்தில் ஒரு விடுதிப் புல்வெளியில் மாலைக் கச்சேரி அமைந்தது. செட்டில் பன்னிரண்டு பேர். முன்னும் பின்னும் அவர்களும் வாசிக்கும்படி சேர்த்து, ஆளுக்கொரு தாளாகப் பிரித்து எழுதியே என் கை வீங்கியது. அதில் பாதி வெற்றிடம். கிளாரினெட் ஒலிக்கும்போது மற்றவர்கள் சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான். ட்ரம்பெட் மணிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"இன்னா சார், வெறும் பேப்பரு குடுக்கற? ஊர்வலத்துல வாயெடுத்தா மாஸ்டர் திட்டுவாரு. சும்மா நின்னா ஓசிச் சோத்துக்கு வந்தவன்னு நெனைப்பானுங்க."

தொண்டை வறள விளக்கினேன். ஒத்திகையில் எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் நம்பினேன்.

கச்சேரியில் ஏகாம்பரம் ஆரம்பித்துக் கால் நிமிடம்கூட ஆகவில்லை, மணி சேர்ந்துகொண்டார். அடுத்து யூஃபோனியம், அடுத்து பெரிய டிரம். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். நான் உற்சாகப்படுத்துவதாக நினைத்து இன்னும் பலமாக ஊதினார்கள்! ஏகாம்பரத்தின் விரல்கள் ஓடுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணாத்த தனியா தவிக்கிறாரேன்னு கை குடுத்தோம் சார்" என்றார் மணி, பெருமையாக.

"வுடு சார், பாசத்துல ஊதிட்டானுங்க" என்றார் ஏகாம்பரம், கருவியைத் துடைத்தபடி. அடுத்த வாரம் பல் போயிற்று. அப்புறம் அவர் செட்டில் சிம்பல் தட்டினார். இப்போது அந்தச் செட்டே இல்லை.

மணியை வருஷக்கணக்காகத் திட்டியிருக்கிறேன். ஆனால் ஏகாம்பரம் அந்த உருப்படியைத் தனியாக வாசித்த நாள் ஒன்று உண்டு, கச்சேரிக்கு முன்னால். அந்தப் பழைய கிளாரினெட்டில் எந்தெந்தச் சுரம் எழும்பும் என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த ஜெராக்ஸோடு படாளத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கேட்க நான் ஒருவன்தான். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். நானோ, "இருங்க, இருங்க, அந்த இடம் மறுபடியும்" என்று நிறுத்தி நிறுத்திப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தேன்.

ஜெராக்ஸ் மை மங்கிவிட்டது. பென்சில் கோடுகள் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன, பக்கத்துக்கு ஏழெட்டு. ஒவ்வொன்றும் நான் அவரை நிறுத்திய இடம்.