தீக்கு முதுகு காட்டியவர்

எங்கள் வைக்கோல் போர் எரிந்தபோது நைனா இருந்தார், நான் இருந்தேன், தெருவே கூடி நின்றது; அனந்தபுரம் போயிருந்த அம்மா மட்டும் இல்லை. செஞ்சியிலிருந்து வந்த தீயணைப்புக்காரருக்கு ஒரு புருவம் பாதிதான் இருந்தது. அவர் போருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டகையின் கூரையை நனைத்தார்.

"சார், தீ அந்தப் பக்கம் இருக்குது!" என்று கத்தினேன்.

"அது போச்சுப்பா. திரும்பிப் பார்த்தா நானும் உங்கள மாதிரி நின்னுடுவேன். மாட்டை அவுத்துட்டீங்களா?"

அவிழ்க்கவில்லை. அத்தனை பேரும் தீயையே பார்த்துக்கொண்டிருந்தோம். நைனா ஓடினார்.

பசுவும் கன்றும் பிழைத்தன. எல்லாம் அடங்கியபின், கனன்றுகொண்டிருந்த சாம்பலுக்கு முன்னால் தீயணைப்புக்காரர் குந்திவிட்டார்.

"தண்ணி ஊத்துங்க சார்."

"இருப்பா, கொஞ்ச நேரம்" என்றார், கண்ணை எடுக்காமல்.

ஏனென்று இன்னும் எனக்குப் புரியவில்லை. நானும் பக்கத்தில் குந்தினேன். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் வீட்டு இருபதாயிரம் ரூபாய் வைக்கோலை.