மஞ்சில் விழுந்த வெயில்

ஊரார் முன்னால் என் அண்ணனைப் பொய்யனாக்கியது நான்தான். இதில் வேறு யார் மேலும் பழி போட முடியாது.

வெள்ளைக்காரன் காலம். மலைமேல் எடப்புளி நாட்டில் எங்களுக்குச் சாமைக்காடும் கொஞ்சம் மிளகுக் கொடியும் இருந்தன. இருவர் குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. ஒரு வருடம் அண்ணன் உச்சி வெயிலில் களையோடு சாமையையும் சேர்த்துப் பிடுங்க ஆரம்பித்தான். கேட்டால் கண் தெரியவில்லை என்றான். அதே ஆள், பேளுக்குறிச்சி சந்தைக்கு விடியுமுன் மூட்டையோடு இறங்கும்போது எனக்கு முன்னால் போவான். ஒரு கல்லிலும் இடற மாட்டான். சந்தையில் வெயில் ஏறியதும் சட்டிக்காரியின் கடையில் காலை விட்டு நாலு சட்டியை உடைப்பான். இருட்டில் தெரிகிற கண்ணுக்குப் பகலில் என்ன கேடு? வேலைக்குப் பயந்து வேசம் போடுகிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்ப் பெரியவர்களிடம் போய்ச் சொன்னேன்.

எங்கள் ஊரில் காட்டு வேலை முடிந்த பிறகுதான் கூட்டம் கூடும். அன்றும் பொழுது இறங்கித்தான் கூடினார்கள். முறத்தில் சாமையைக் கொட்டி அண்ணனைக் கல் பொறுக்கச் சொன்னார்கள். பாவி, ஒன்று விடாமல் பொறுக்கி வைத்தான். எல்லோருடைய முகத்தையும் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"ஏனுங்க, கண்ணுக்குள்ள மஞ்சு நிக்குதுங்க. வெயில் பட்டா முச்சூடும் வெள்ளையாயிருது. இப்ப வெயில் இல்லீங்க, அதான் தெரியுது" என்றான்.

மூடுபனியைத்தான் நாங்கள் மஞ்சு என்போம். அது கண்ணுக்குள் இறங்குமா என்று கூட்டம் சிரித்தது. முதலில் சிரித்தவன் நான். அடுப்பைப் பிரித்தார்கள். மேட்டுக் கல்லாங்காடு அவனுக்கு, நல்ல காடு எனக்கு.

மூன்று வருடம் கழித்து அதே சந்தைக்கு ஒரு கண் டாக்டர் வந்திருந்தார். என் மகளின் கண்கட்டியைக் காட்ட நின்றேன். முன்னால் நின்ற ஒருவரிடம் அவர், "வெயில்ல எல்லாம் வெள்ளையாத் தெரியுதா? சாயங்காலம் தேவலையா? புரைதான். கண்ணுக்குள்ள கலங்கியிருக்கு, வெளிச்சம் பட்டதும் சிதறுது" என்றார். கோட்டுப் போட்டவர் சொன்னதும் மறுபேச்சில்லாமல் நம்பினேன். வெட்கங்கெட்ட புத்தி.

இரவு அடிவாரத்தில் தங்கி விடியலில் மலை ஏறினோம். வழியில் மஞ்சு. மங்கலாக இருந்தவரை பத்தடிப் பாதை தெரிந்தது. வெயில் விழுந்ததும் எங்கும் வெள்ளை. வழக்கம்போல எல்லோரும் மூட்டையை இறக்கிவிட்டு நின்றோம். பிறந்ததிலிருந்து அப்படித்தான் நிற்கிறோம். யாரும் யாரையும் வேசக்காரன் என்றதில்லை.

நேராக அண்ணன் குடிசைக்குப் போனேன். வாசல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, உன் கண்ணுல இருக்கறது புரையாம், சேலத்து ஆஸ்பத்திரில எடுத்துருவாங்களாம். போலாம் வா."

எவ்வளவு கெஞ்சியும் அவன் வரவில்லை. முன்பெல்லாம் வாய் நிறைய என்னைச் சாமி என்று செல்லமாகக் கூப்பிட்டவன், அயலாரிடம் பேசுவதுபோல ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ஏனுங்க, அங்க எப்பங்க பாப்பாங்க? பொழுதெறங்கியா?"