உள்ளங்கைக்கு அடியில் லேசு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். சிரிப்பதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருமுறை கம்பெனி பஸ்ஸில் மாதனூர்க்காரர் ஒருவர், கிணற்றடியில் வெள்ளையாக ஏதோ நின்றதைப் பற்றி உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பின் சீட்டிலிருந்து ஈரக் கைக்குட்டையை அவர் பிடரியில் வைத்தேன். அவர் எகிறிய எகிறலில் டிபன் கேரியர் கவிழ்ந்து பஸ் முழுக்க ரசம். அப்படிப்பட்டவன் சொல்கிற கதை இது, அதனால் நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், அது போதும்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் சார்ட்டர். அதாவது, வந்து இறங்கும் தோலை மேஜையில் விரித்து, உள்ளங்கையால் தடவி, எங்கே உண்ணி கடித்திருக்கிறது, எங்கே முள் கீறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதுதான். கண்ணுக்குத் தப்பியது கையில் மாட்டும். கண்ணை மூடிக்கொண்டு ஆடா மாடா என்று சொல்லிவிடுவேன். என் மனைவி ரூத்தே, "உங்க வாய நம்ப மாட்டேன், கைய வேணா நம்புவேன்" என்பாள்.

லேசு எங்கள் வீட்டுப் பூனை. குட்டியாக வந்த புதிதில் என் ஷூ லேசைக் கடித்து இழுத்துக்கொண்டே திரிந்ததால் மகள் எஸ்தர் வைத்த பேர். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு, இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. சாம்பல் நிறம், இடது காதில் நாய் கடித்த வெட்டு, வால் நுனியில் பிறவியிலேயே ஒரு முடிச்சு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து, சாப்பிட்டு, கட்டிலில் விழுந்தேன் என்றால் என் வலது கை தரைப்பக்கம் தொங்கும். லேசு வந்து அதற்கு அடியில் படுத்துக்கொள்ளும். நான் பாதித் தூக்கத்தில் தடவிக்கொடுப்பேன். பத்து வருஷமாக எங்கள் இருவருக்கும் ஞாயிறு என்றால் அவ்வளவுதான்.

அது சாப்பிடாமல் மூலையில் போய் உட்கார்ந்தது ஷிப்மெண்ட் வாரத்தில். சரக்கு கப்பலேறுகிற ஷிப்மெண்ட் என்றால் எங்கள் ஊரில் கல்யாணம், சாவு எல்லாம் அதற்கு அப்புறம்தான். எஸ்தர் மூன்று நாள் கேட்டாள், "வேலூருக்கு டாக்டர்கிட்ட கொண்டும் போலாம்ப்பா." நான் மூன்று நாளும் ஒரே பதில் சொன்னேன், "ஷிப்மெண்ட் முடியட்டும்மா." நாலாம் நாள் ஓவர்டைம் முடிந்து வந்தபோது லேசு விறைத்துக் கிடந்தது. பூட்ஸ் பெட்டி ஒன்றில் வைத்துப் பப்பாளி மரத்தடியில் நானே புதைத்தேன். குழி தோண்டியது இந்தக் கை. மண் தள்ளியதும் இந்தக் கை.

அன்றிலிருந்து எஸ்தர் என்னோடு பேசவில்லை. சண்டை போட்டால் சமாளித்துவிடலாம், நான் அதில் கில்லாடி. அவள் சண்டையே போடவில்லை. "அம்மா, அவர சாப்பிட வரச் சொல்லு," "அம்மா, அவர் போன் அடிக்குது" என்று என் எதிரிலேயே என்னைத் தாண்டிப் பேசுவாள். பல்லி மாதிரி நடித்துக் காட்டினேன், மேனேஜர் மாதிரி பேசிக் காட்டினேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பதினாறு நாள். இந்த வீட்டில் என் ஜோக்குக்குச் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான், ரூத் எல்லாம் கல்யாணமான வருஷமே நிறுத்திவிட்டாள்.

பதினேழாம் நாள் ஞாயிறு. மதியம் மூன்று மணி இருக்கும். ராத்திரி இல்லை, அமாவாசை இல்லை, நல்ல வெயில். ரூத் சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போய்விட்டாள், எஸ்தர் முன்வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். கரண்ட் இல்லாததால் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு லுங்கியோடு கட்டிலில் கிடந்தேன். தூக்கம் பாதி, வியர்வை பாதி. கை தொங்கியது. கைக்கு அடியில் வந்து படுத்தது.

நானும் தடவினேன். இடது காதில் வெட்டு. முதுகெலும்பு வரிசையாக. வாலில் முடிச்சு. "தள்ளிப் படுடா, புழுக்கமா இருக்குது" என்றுகூடச் சொன்னேன், சத்தியமாகச் சொன்னேன். அது தள்ளவில்லை. புரண்டு மல்லாந்து, வலது முன்னங்காலைத் தூக்கி, அந்த இடுக்கை என் விரலுக்குக் கொண்டுவந்து வைத்தது. அங்கே ஒரு கட்டி. கொட்டைப்பாக்கு அளவு, தோலுக்கு அடியில் உருண்டது. விரலை எடுத்தேன். மறுபடியும் கொண்டுவந்து அதே இடத்தை வைத்தது. இது எப்போது வந்தது, முன்னே இல்லையே என்று நான் யோசித்தேன். அப்புறம்தான் பூட்ஸ் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது.

கண்ணைத் திறந்தேன். தரை காலி. சிமெண்ட் தரை, ஓரத்தில் என் செருப்பு, அவ்வளவுதான். ஆனால் என் கை தரையைத் தொடவில்லை. ஒரு ஜாண் உயரத்தில், எதன் மேலோ கவிழ்த்து வைத்த மாதிரி வளைந்து நின்றது. மெதுவாக ஏறியது, இறங்கியது. மூச்சு விடும் வயிற்றின் மேல் வைத்த கை எப்படி ஏறி இறங்குமோ அப்படி. நான் ஏற்றவில்லை, நான் இறக்கவில்லை.

தைரியசாலி என்றால் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்திருப்பான். நான் ஓடினேன். கதவில் ஒருமுறை, வாளியில் ஒருமுறை மோதி, எஸ்தரின் புத்தகத்தைத் தாண்டி, தெருவுக்கு வந்து, பக்கத்து வீட்டு பாயின் ஸ்கூட்டர் மேல் ஏறி நின்றுகொண்டேன். பூனைக்குப் பயந்து ஸ்கூட்டர் மேல் ஏறியவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான். பூனைக்கு ஏறத் தெரியாதா என்கிற யோசனை அப்போது வரவில்லை.

பாய் வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா தோஸ்த், பாம்பா?"

"லேசு, பாய். கட்டில் கிட்ட வந்துச்சு. தொட்டேன்."

"லுங்கி எங்க?"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். டிராயரோடு நின்றிருந்தேன். அதற்குள் எஸ்தர் கதவில் சிக்கிக் கழன்றுபோயிருந்த லுங்கியை எடுத்து வந்து, என்னைப் பார்க்காமல் பாயிடம் நீட்டினாள். "மாமா, இத அவர்கிட்ட குடுத்துடுங்க."

"நீயே குடும்மா, ஒரு அடி தூரம்தானே," என்றார் பாய். அவள் அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் வீட்டுக்குள் போக முக்கால் மணி நேரம் ஆனது. அதுவும் பாய் முன்னால் போய்க் கட்டிலைப் புரட்டிக் காட்டிய பிறகு. அவர் டீ குடிக்கக் கிளம்பினதும் எஸ்தர் சமையலறை வாசலில் வந்து நின்றாள். பதினாறு நாளுக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்து முதல் பேச்சு.

"செத்துப் போனத வச்சுமா வெளாட்டு?"

"வெளாட்டு இல்ல பாப்பா. காது வெட்டு கைக்குத் தட்டுப்பட்டுச்சு. வால் முடிச்சு..."

"அது தெருவுக்கே தெரியும்."

"வலது முன்னங்கால் இடுக்குல ஒரு கட்டி. பாக்கு அளவு. அழுத்துனா நழுவுது."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இடது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். நாலு கோடு, ஆறி வெள்ளையாகத் தெரிந்தது.

"ரெண்டு மாசம் முன்னாடியே பாத்தேன்ப்பா. ஒரே தடவ தொட்டேன், இப்படி கீறிடுச்சு. இன்னொரு தடவ யாரையாச்சும் கீறினா ஆலங்காயம் காட்டுல கொண்டும் போய் வுட்டுடுவேன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. அதனால யாருகிட்டயும் சொல்லல. ஃப்ரெண்ட்ஸ்கிட்டகூட."

என்னோடு அவள் பேசாமல் இருந்தது என் மேல் உள்ள கோபத்தால் மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீ தொட்டப்ப கீறல?" என்று கேட்டாள்.

"இல்ல. அதுவா கொண்டாந்து வச்சுது. ரெண்டு தடவ."

"நான் அப்பவே சொல்லியிருந்தா நீ வேலூருக்குக் கொண்டும் போயிருப்பதானே?"

"போயிருப்பேன்," என்றேன். போயிருப்பேனா, எனக்குத் தெரியாது. அந்த மாதமும் ஒரு ஷிப்மெண்ட் இருந்தது. அவள் என் முழங்காலில் தலையை வைத்து, கரண்ட் வரும்வரை அழுதாள். சாயங்காலம் ரூத் வந்தபோது நாங்கள் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ரூத் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

பாய்க்கு ஒரு விளக்கம் இருக்கிறது. பழக்கப்பட்ட கை, தூக்கக் கலக்கம், உயிரோடு இருக்கும்போதே கட்டி கையில் பட்டிருக்கும், மனசு அப்போது கவனிக்கவில்லை என்கிறார். நானும் அப்படியே நம்பிவிடலாம் என்றுதான் பார்க்கிறேன். ஆனால் உயிரோடு இருக்கும்போது தொட்டிருந்தால் என் கையிலும் நாலு கோடு இருக்க வேண்டுமே. சரி, செத்த பிறகு வந்தது என்றே வைத்துக்கொள்வோம். வந்தது ஏன் கட்டியோடு வர வேண்டும்?

எஸ்தரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், ஒன்றைத் தவிர. எங்கள் வேலையில் வலது கை தோலைத் தடவும்போது இடது கையில் குறி போடுகிற வெள்ளி நிற மைப் பேனா ஒன்று இருக்கும். குறை தட்டுப்பட்டதும், நாம் நினைக்கக்கூட வேண்டாம், இடது கை அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிடும். வட்டம் போட்ட இடத்தை வெட்டித் தள்ளிவிடுவார்கள். பேனா எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். அன்று கண்ணைத் திறந்தபோது, வலது கை காற்றில் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததே, அந்த நேரத்தில் என் இடது கை சட்டையில்லாத வெறும் மார்பில் பேனாவைத் தேடிப் பையைத் துழாவிக்கொண்டிருந்தது.