புஷ்பவள்ளி அக்காவின் ரெட்டைக்குழல்

புஷ்பவள்ளி அக்காவைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். டீக்கடையில் சொன்னாலும் சரி, ரேஷன் கடை வரிசையில் சொன்னாலும் சரி, நான் விட்டுவைப்பதில்லை. "ஏன்டா, உன் வீட்டுக் கோழிய நாய் தூக்கிட்டுப் போறப்ப கதவச் சாத்திக்கிட்டு நின்ன ஆளுதான நீயி?" என்று ஒருத்தனை நடுத்தெருவில் வைத்துக் கேட்டுவிட்டேன். அக்காதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "விடுடி ரேணுகா, சொல்லிட்டுப் போறாக" என்றாள். எப்படி விடுவது? நடந்தது முழுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கி வைத்திருந்தாள்.

அவள் எனக்கு ஓரகத்தி. அவள் கணவர் வேல்பாண்டி என் வீட்டுக்காரருக்கு அண்ணன். நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். திருப்பத்தூரைத் தாண்டி, கண்மாய்க் கரையை ஒட்டி, எங்கள் இரண்டு வீட்டுக்கும் அடுத்தடுத்துக் கடலைக் கொல்லை. கண்மாயில் தண்ணீர் நின்ற காலமெல்லாம் போய் இப்போது சீமைக்கருவேலங் காடுதான் நிற்கிறது. பகலெல்லாம் காட்டுப் பன்றிகள் அதற்குள் படுத்துக் கிடக்கும். விடிகிற நேரம் பார்த்துக் கொல்லையில் இறங்கி, ஏர் ஓட்டினது மாதிரி கிளறிப் போட்டுவிட்டுப் போகும்.

மற்றப் பன்றிகள் ஆளைக் கண்டால் ஓடிவிடும். தனியாகத் திரிகிற ஆண் பன்றி ஒன்று மட்டும் ஓடாது. ஊரில் அதற்கு ஒத்தையன் என்றே பேர். நாசமாய்ப் போனது, கோரைப்பல் இரண்டும் வெளியே தெரிய, ஆளைப் பார்த்ததும் நேரே வரும். விறகு பொறுக்கப் போன மலையம்மாளை அதுதான் குத்திக் கொன்றது. பெரியத்தானுக்கு வலது தொடையைக் கிழித்ததும் அதுதான். மதுரை ஆஸ்பத்திரியில் காலைத் தைத்து, ஆளைத் தேற்றி அனுப்பினார்கள். "இதே இடத்துல இன்னொரு அடி பட்டா காலும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சுறது கஷ்டம்மா" என்று டாக்டர் அக்காவிடம் சொன்னார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

அந்த மனுஷன் கேட்டால்தானே! காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டு, பொழுது விடிந்தால் கொல்லைக்குக் கிளம்பிவிடுவார். "பயிர ஒரு பார்வை பாக்காட்டி எனக்குச் சோறு எறங்காதுடி" என்பார். அக்கா கெஞ்சினாள், அழுதாள், கம்பை ஒளித்து வைத்தாள். அவர் வேலியில் வேறு கம்பு ஒடித்துக்கொண்டு போனார். கொல்லையைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டிப் பார்த்தாள். சலூன் கடையிலிருந்து மயிரை மூட்டையாக வாங்கி வந்து வரப்பெல்லாம் தூவினாள். வெடி போட்டாள். ஒத்தையன் எதையும் சட்டை பண்ணவில்லை.

"துப்பாக்கி வாங்கப் போறேன்" என்று ஒருநாள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. பெரியத்தானால் கால் ஊன்றி நிற்க முடியாது என்பதால் லைசென்ஸைத் தன் பேருக்கே கேட்டாள். அந்த ஆபீஸ் இந்த ஆபீஸ் என்று அலையாத இடமில்லை. "பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?" என்று கேட்காத ஆளும் இல்லை. "பன்னி பொம்பளையின்னு பாத்தா குத்துது?" என்று திருப்பிக் கேட்டாள். கடைசியில் லைசென்ஸ் வந்தது. ஒத்தையனைச் சுடுவதற்குத் தனி அனுமதியும் வந்தது.

காரைக்குடியில் செக்காலை ரோட்டுப் பக்கம் ஞானசம்பந்தம் என்பவரின் துப்பாக்கிக் கடை. என் ஸ்கூட்டியில்தான் போனோம். அவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாங்கம்மா, வீட்ல ஆம்பளைக யாரும் வரலீகளா?" என்றார். "வாங்கப் போறது நாந்தேன், எடுத்துக் காட்டுங்க" என்றாள் அக்கா.

முதலில் ஒற்றைக்குழல் ஒன்றைக் காட்டினார். லேசாக இருந்தது. அக்கா கையில்கூட வாங்கவில்லை.

"ஒத்தை வேணாம்யா. ஒத்தைய நம்பி நான் பட்டது போதும். ஒத்தை போரு, அது வத்திப் போச்சு. ஒத்தைப் பசு, அது கோமாரியில போச்சு. ஒத்தைப் பிள்ளை, அவன் சிங்கப்பூருல கெடக்கான். இந்த மனுசனும் எனக்கு ஒத்தை மனுசன்தேன். ஒண்ணு ஏமாத்துனா இன்னொண்ணு கைகுடுக்கணும். அந்த மாதிரி குடுங்க."

கடைக்காரர் அதற்கு மேல் விளையாட்டாகப் பேசவில்லை. "அப்ப ரெட்டைக்குழல்தான். ரெண்டு குழல், ரெண்டு விசை. ஒரு பக்கம் வெடிக்காட்டியும் மறுபக்கம் வெடிக்கும். மேல விழ வர்ற மிருகத்துக்கு இதத்தான் நம்புவாக" என்றார்.

கண்ணாடி அலமாரிக்குள் ரெட்டைக்குழல் ரைபிள் ஒன்று தனியாக இருந்தது. தேவகோட்டைச் செட்டியார் வீடு ஒன்றில், மலாயாவில் தோட்டம் வைத்திருந்த காலத்தில் யானைக்கும் புலிக்கும் என்று வாங்கினதாம். தோட்டா கட்டைவிரல் தண்டி இருந்தது. அக்கா அதைக் கேட்டு வாங்கித் தூக்கிப் பார்த்தாள். கை இறங்கினாலும் முகம் மலர்ந்துவிட்டது. "இதக் குடுங்களேன்" என்றாள். "உங்க லைசென்ஸுக்கு இது ஆகாதும்மா. தோட்டாவும் இப்பக் கெடைக்காது. தோட்டா இல்லாட்டி இது வெறும் ஒலக்கை" என்று திரும்ப வாங்கி உள்ளே வைத்துவிட்டார். அவள் அந்த அலமாரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இரண்டு ரெட்டைக்குழல் துப்பாக்கிகளை மேசையில் வைத்தார். ஒன்று புதுசு. தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கிற குதிரைகள் இரண்டும் உள்ளே மறைந்திருக்கும். வெளியே பார்த்தால் வழுவழுவென்று ஒன்றும் தெரியாது. இன்னொன்று பழசு. அதே தேவகோட்டை வீட்டுச் சாமான். இரண்டு குதிரைகளும் குழலுக்குப் பின்னால், இரண்டு கட்டைவிரல் நிமிர்ந்து நிற்பது மாதிரி வெளியிலேயே நின்றன. கையால் இழுத்து நிமிர்த்தினால்தான் சுடும்.

"புதுச எடுத்துக்கங்க. எல்லாம் உள்ளுக்குள்ள இருக்கு. தூசி தும்பு எதுவும் போகாது. கொல்லை காட்டுக்கு இதான் நல்லது" என்றார் ஞானசம்பந்தம்.

அக்கா இரண்டையும் மாற்றி மாற்றித் தோளில் வைத்துப் பார்த்தாள். பழசின் குதிரைகளை ஒவ்வொன்றாக இழுத்து, மெதுவாக இறக்கினாள். "உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? கண்ணுக்குத் தெரியுறதத்தேன் நான் நம்புவேன். இது ரெண்டும் எந்திரிச்சு நின்னா தயாரா இருக்குன்னு அர்த்தம். எனக்கு இதே போதும்" என்றாள். நானும் தலையை ஆட்டினேன். எனக்கென்ன தெரியும்? இரண்டு காதும் விறைத்த நாய்க்குட்டி மாதிரி அது பார்க்க லட்சணமாக இருந்தது. தோளில் பதிகிற மரக்கட்டை அவள் கைக்கு நீளமாக இருந்ததால், அறுத்துக் குறைத்துக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டோம்.

பயிற்சி கொடுக்கிற இடத்தில் முதல் குண்டுக்கே தோள் கன்றிப் போயிற்று. அக்கா விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். பன்றி அளவுக்கு வெட்டி வைத்த அட்டையில் நெற்றியைப் பார்த்துச் சுட்டாள். "ஒங்களுக்குக் கல்லு மாதிரி கைம்மா" என்று கற்றுக்கொடுத்தவரே சொன்னார். அந்தக் கையைத்தான் இப்போது நடுங்கிப்போன கை என்கிறார்கள், கேடுகெட்டவர்கள்.

கடலை முற்றுகிற சமயத்தில் ஆயுத பூசை வந்தது. எல்லார் வீட்டிலும் போல எங்கள் வீட்டிலும் மம்பட்டி, அரிவாள், மோட்டார், ஸ்கூட்டி, கிரைண்டர் என்று கழுவித் துடைத்து வரிசையாக வைத்தோம். அந்த வருசம் வரிசையின் நடுவே துப்பாக்கி. பெரியத்தான் அன்று வெகு குஷி. சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் அவரே பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். துப்பாக்கியிடம் வந்ததும் குனிந்து பார்த்தார்.

"ஏ புஷ்பம், உன் வீட்டு மாப்பிள்ளைக்கு நெத்தி எது?"

"எங்கிட்டாச்சும் வைங்க" என்று சிரித்தாள் அவள்.

அவர் ஒரு குதிரையின் மூக்கில் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தார். அடுத்த குதிரைக்கும் அதே அளவு எடுத்து, அதே மாதிரி அப்பினார். "ஒண்ணுக்கு வச்சு இன்னொண்ண விட்டா அது கோவிச்சுக்கும்ல?" என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். சூடம் காட்டினோம். பூசையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது, வைத்த பொட்டை அழிக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி அன்று எடுத்து வேலையைத் தொடங்க வேண்டும். எங்கள் வழக்கம் அதுதான்.

மறுநாள் விடிந்ததும், எங்களுக்கு முன்னால் அவர் கம்பை ஊன்றிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். அக்கா சாமி கும்பிட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்தாள். இரண்டு தோட்டாவையும் போட்டாள். "நல்ல நாளு, வந்தா இன்னைக்கு வரட்டும்" என்றாள். நான் பின்னாலேயே போனேன்.

வந்தது. கருவேலங் காட்டை விலக்கிக்கொண்டு வரப்பில் ஏறி நின்றது. பெரியத்தான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, அசையாதீக!" என்று அக்கா கத்தினாள். அவருக்கும் பன்றிக்கும் நடுவில் ஓடிப்போய் நின்றாள். இரண்டு குதிரைகளையும் இழுத்து நிமிர்த்தினாள். பன்றி தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. அவள் அவசரப்படவில்லை. கிட்டே வரட்டும், கிட்டே வரட்டும் என்று கற்றுக்கொடுத்தபடியே நின்றாள். விசையை அழுத்தினாள்.

'டொக்' என்றது.

அடுத்த விசையை அழுத்தினாள். அதுவும் 'டொக்' என்றது.

பன்றி அவளை இடித்துத் தள்ளிவிட்டு அவர் மேல் பாய்ந்தது. ஐயோ, அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அக்கா விழுந்த வேகத்தில் எழுந்து, குழலைப் பிடித்துக்கொண்டு கட்டையால் அதன் மண்டையில் அடித்தாள். கட்டை விரிசல் விட்டது. இன்னும் அடித்தாள். நான் கல்லை எடுத்து எறிந்துகொண்டு கத்தினேன். அது ஒருவழியாக விட்டுவிட்டுக் காட்டுக்குள் போனது. அதே தொடை, அதே இடம்.

ஆம்புலன்ஸுக்கு போன் போட்டுவிட்டு, அவர் காலைச் சேலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் நினைவில்லாமல் கிடந்தார். அக்காவின் கண் பக்கத்தில் கிடந்த துப்பாக்கி மேல் போயிற்று. இழுத்து வைத்து, குதிரையின் மூக்கை நகத்தால் சுரண்டினாள். காய்ந்த சந்தனம் மஞ்சள் கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. குதிரை அடித்ததும் தோட்டாவைக் குத்த வேண்டிய ஊசி இருக்கிற குழிக்குள்ளும் அதுவே இறங்கி அடைத்திருந்தது. மற்றக் குதிரையையும் பார்த்தாள். அதிலும் அதே மாதிரிதான்.

அவள் அழவில்லை. "ரேணுகா, இது அவுகளுக்குத் தெரியக் கூடாது. எம் மேல சத்தியம் பண்ணு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவர் காலை எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் புஷ்பம் சுடல?" என்பதுதான்.

"கை நடுங்கிருச்சுங்க" என்றாள் அக்கா.

"அட போடி கிறுக்கி, பயந்துட்டியா?" என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "பாவம், பொம்பளப் பிள்ளைதானே, பயந்துட்டா. அவளத் திட்டாதீக" என்று அவரேதான் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. கட்டையைச் சரிபண்ணக் கடைக்குக் கொண்டுபோனபோது ஞானசம்பந்தம் ஊசிக்குழியைக் குடைந்து பார்த்துவிட்டு, "எந்த அறிவுகெட்டவன் இதுல சந்தனத்த அப்புனது?" என்று கத்தினார். "நாந்தேன்யா" என்றாள் அக்கா. எனக்கு அங்கேயே முட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது.

இந்த வருசமும் ஆயுத பூசை வந்தது. ஒத்தையன் இன்னும் கண்மாய்க்குள்தான் இருக்கிறது. பெரியத்தான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மடியில் கிண்ணத்தை வைத்துச் சந்தனம் குழைத்தார். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"துப்பாக்கி எங்கடி?"

"அதுக்கு வேணாங்க."

"ஆயுத பூசையில ஆயுதத்துக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கிறதாம்? கொண்டாடி."

மறுத்தால் சந்தேகம் வரும் என்று நினைத்தாளோ என்னவோ, போய் எடுத்து வந்தாள். கட்டையை அவர் பக்கம் நீட்டி, "இதுல வைங்க" என்றாள். "கட்டையிலயா? போன வருசம் வச்ச மாதிரி குதிரையில வச்சாத்தான லட்சணம்" என்று விரல் நிறையச் சந்தனத்தை எடுத்துக்கொண்டு குனிந்தார். அக்காவின் கை தானாகப் போய் இரண்டு குதிரைகளையும் மூடிக்கொண்டது. அவர் அந்தக் கையை விலக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்து இன்னும் ஒரு தடவை விலக்கிப் பார்த்தார். அப்போதும் விடவில்லை. அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் விரலில் இருந்த சந்தனத்தைப் பார்த்தார். பிறகு கால் இல்லாத பக்கத்தைப் பார்த்தார். கிண்ணம் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"நானா புஷ்பம்?" என்றார்.

"இல்லைங்க. எனக்குத்தேன் கை நடுங்கிருச்சு" என்றாள் அக்கா.

குதிரைகளை மூடியிருந்த அவள் கை அப்போதும் நடுங்கவில்லை. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.