இடது மூக்குக்கு மட்டும் மருந்து

மார்ச் 27 – 41
மார்ச் 28 – 38
மார்ச் 29 – 46
மார்ச் 30 – 44

இது காசுக் கணக்கல்ல, தும்மல் கணக்கு. நில அளவை அலுவலகத்துப் பதிவறைக்காரர், தம் மூக்கிலிருந்து புறப்பட்டதை ஒன்றுவிடாமல் குறித்து வைத்தது.

ஐம்பத்தாறு வயது. முப்பத்தோரு ஆண்டுகளாகப் பதிவறையே கதி. எந்த வரைபடத்தைக் கேட்டாலும் விளக்கைப் போடாமலே எடுத்துவந்து நீட்டுவார். தூசிதான் ஜென்மப் பகை. மார்ச் 30 அன்று மேலாளர் ஒரு வரைபடத்தில் கையெழுத்திட்ட மறுநொடி, பதிவறைக்காரர் அதன் மேலேயே தும்மிவிட்டார். ஈரம் காயாத கையெழுத்து நாலு மனைகளைத் தாண்டிக் குளத்தில் போய் இறங்கியது.

மறுநாளே கடிதம் வந்தது. மே 31க்குள் தும்மல் அடங்காவிட்டால் வாசல் விசாரணை மேசைக்கு மாற்றம். அங்கே நாள் முழுக்க மனிதர்களோடு பேச வேண்டும். அதைவிடத் தூசியே மேல்.

ஏப்ரல் 1இல் டாக்டர் மூக்கில் அடிக்கும் மருந்து கொடுத்தார். தினமும் காலையில் ஒவ்வொரு துளையிலும் இரண்டு அடி. பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். அவர் ஒரு நாளும் தவறவில்லை. ஆனாலும் மாதம் முடிந்தபோது நாளுக்கு முப்பதுக்குக் குறையவில்லை.

மே 2 மாலை மனைவியுடன் மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் அவர் நீட்டிய மருந்துக் குப்பியை ஆட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், ஒரு மாசத்துல தீர்ந்திருக்கணுமே? பாதி அப்படியே இருக்கு."

"இடது பக்கம் மட்டும்தாம்மா அடிக்கிறேன்."

"வலது பக்கம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"ரெண்டுலயும் அடிச்சா, மருந்தால குறைஞ்சுதா, தானா குறைஞ்சுதான்னு எப்படித் தெரியும்? ஒப்பிட்டுப் பாக்க ஒரு பக்கம் வேணும்ல?"

"சரி சார். வந்த தும்மல் எந்தப் பக்கத்துதுன்னு எப்படி எழுதுனீங்க?"

பதிவறைக்காரர் கணக்கு நோட்டைப் புரட்டினார். அதற்கென்று கோடு போட்ட கட்டங்கள் ஒரு மாதமாகக் காலியாகவே கிடந்தன.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த மனுஷனோட நான் எப்படிக் குப்பை கொட்டுறேன்னு இப்பப் புரியுதா தங்கச்சி?"

மறுநாள் முதல் இரண்டு துளைக்கும் மருந்து. மே 10இல் 22, மே 17இல் 9, மே 24இல் 2.

மே 28 அன்று மேலாளரே பதிவறைக்கு வந்தார். இருப்பதிலேயே பழைய வரைபடக் கட்டு ஒன்றை உருவி, அவர் முகத்துக்கு நேரே படாரென்று தட்டினார். தூசி புகையாய் எழுந்தது. பதிவறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மூக்கு அசையவில்லை.

தும்மியவர் மேலாளர்.

"ஏழு, சார்," என்றார் பதிவறைக்காரர், அடக்க முடியாமல்.

"எண்ணாதேய்யா! அந்த டாக்டர் வீடு எங்க இருக்கு, அதைச் சொல்லு."

மாற்றம் ரத்து என்று ஒரு வரியில் கடிதம் வந்தது. அவர் இரண்டு முறை படித்துக் கோப்பில் சேர்த்து, ஓரத்தில் எழுதினார்: பெறப்பட்டது, மே 30.